படிவத்தில் விடுபட்ட 'ஈக': மாணவர் சேவை முகாம்களின் வரலாறு, குண்டலுபேட்டையிலிருந்து

சற்று நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களாகப் பொறுப்பு வகிக்கும் ஆசிரிய நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மாசி பிறந்ததும் நண்பர்களின் பக்கங்களில் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம்களின் ஒளிப்படங்கள் வரத் தொடங்கிவிடும். ஊர்ப் பள்ளியின் முன் கட்டிய பதாகை, மண்வெட்டியும் கூடையும் ஏந்திய மாணவர் வரிசை, நிறைவு விழாவில் ஊர்த் தலைவருக்குப் பொன்னாடை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ இதே பருவத்தில் வசந்த விடுமுறை வரும். அவ்விடுமுறையைச் சேவைப் பயணமாகச் செலவிடும் மாணவர் குழுக்களை ஒருங்கிணைக்க 1991இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 'பிரேக் அவே' என்ற அமைப்பு தோன்றியது. நமக்கு வசந்த விடுமுறை என்று ஒன்று கிடையாது. தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். ஆயினும் தேர்வுகளுக்கிடையே கிடைக்கும் ஒரு வாரத்தில் நம் மாணவர்களும் சிற்றூர்களுக்குச் செல்கிறார்கள்.

அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் இருபது ஆண்டுக் கால விவாதம் இருக்கிறது. அவ்விவாதத்தில் எவை கேட்கப்பட்டன, எது கேட்கப்படாமல் விடுபட்டது என்பதே இப்பதிவின் பொருள். விடுபட்டதை எனக்கு உணர்த்தியது குண்டலுபேட்டை வட்டத்தில் நானே பிழையாக நிரப்பிய ஒரு படிவம். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குண்டலுபேட்டை மைசூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மைசூரிலிருந்து வரும் சாலை அங்கே பிரிந்து, ஒரு கிளை பந்திப்பூர் வழியாக உதகைக்கும் மற்றொரு கிளை சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கும் செல்கிறது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த வட்டம் இது. கன்னடம், தமிழ், மலையாளம் மூன்றும் அதன் கடைத்தெருவில் ஒலிக்கும். வட்டத்தின் தென்புறம் காடு. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் அறிவிக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்று. காட்டோரக் குடியிருப்புகளில் ஜேனு குறுபர், காடு குறுபர் எனவும் பெட்ட குறுபர் எனவும் அழைக்கப்படுவோர், சோலிகர் ஆகியோர் வாழ்கின்றனர். நீலகிரிப் பக்கம் நாம் தேன் குறும்பர் என்பவர்களும் சத்தியமங்கலப் பக்கம் சோளகர் என்பவர்களும் இவர்களுடைய உறவினரே. இவர்களின் பேச்சைச் 'சிதைந்த கன்னடம்' என்று சமவெளிக்காரர் சொல்வதுண்டு. தென் திராவிடக் குடும்பத்தில் தமக்கென ஒலியமைப்பும் இலக்கணமும் கொண்ட பேச்சுகள் அவை. பெட்ட குறும்பர் மொழிக்குக் கெய்ல் கொயெலோ எழுதிய இலக்கணம் 2003இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடாக வெளிவந்தது.

2019 மார்ச் மாதம். அப்போது நான் மைசூரில் மொழியியல் முதுகலை முதலாண்டில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் கல்லூரி குண்டலுபேட்டை வட்டத்தில் முகாம் நடத்தியது; வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் தேவை என்று என்னையும் அழைத்தார். என் கன்னடத்துக்கு அப்போது எட்டு மாத வயது. பிப்ரவரி இறுதியில் பந்திப்பூரில் பரவிய பெருந்தீ அணைந்து சில நாட்களே ஆகியிருந்தன. 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்திருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் கோபாலசுவாமி மலைப் பக்கச் சரிவுகள் கருகித் தெரிந்தன.

எனக்குக் கிடைத்தது ஜேனு குறுபர் குடியிருப்பு ஒன்று. ஹாடி என்பார்கள். அரசு கட்டித் தந்த வீடுகள், பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒரு வீட்டின் திண்ணையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். மடியில் மூன்று வயதுப் பேரன். அஜ்ஜி என்று அழைத்து, மனப்பாடம் செய்திருந்த முதற்கேள்வியைக் கேட்டேன்: "மனெயல்லி எஷ்டு ஜன இத்தாரெ?" வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது பொருள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, குழந்தையைப் பார்த்து, "ஈக இப்பரு" என்றார். 'இப்பரு' நம் 'இருவர்' என்பதன் உறவுச்சொல். எளிதாகப் புரிந்தது. கட்டத்தில் 2 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றேன்.

அன்று மாலை பள்ளிக் கட்டடத்தில் அமர்ந்து படிவங்களைத் தொகுத்தோம். எங்கள் கணக்கின்படி அந்த ஹாடியின் குடும்பங்கள் மிகச் சிறியவை. இரண்டு பேர், மூன்று பேர். அதைவிட மகிழ்ச்சி தந்தது மற்றொரு வரி: பள்ளியிலிருந்து இடைநின்ற குழந்தைகள், இல்லை. நிறைவு விழாவில் அந்த வரி வாசிக்கப்பட்டது. நாங்கள் கைதட்டினோம்.

ஜூலையில், வேறொரு வேலையாக உதகை சென்று திரும்பும் வழியில், தனியாக அந்த ஹாடிக்குப் போனேன். அதே வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். மகனும் மருமகளும் பதினோரு வயது, எட்டு வயதுப் பேரப்பிள்ளைகள் இருவரும் குடகிலிருந்து திரும்பியிருந்தனர். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை குடகிலும் வயநாட்டிலும் காப்பிப் பழம் பறிக்கும் காலம், அதையொட்டியே மிளகு. அந்த மாதங்களில் ஹாடியின் உழைக்கும் வயதினர் பலர் தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பார்கள். பிள்ளைகளை விட்டுச்செல்ல ஆளில்லையென்றால் பிள்ளைகளும் உடன் செல்வார்கள். பூட்டிய வீடுகளை 'ஆளில்லாத வீடு' என்று நாங்கள் தாண்டிப் போயிருந்தோம். இடைநின்ற பிள்ளைகள் இல்லை என்று எங்கள் அறிக்கை சொன்னதற்குக் காரணம், இடைநின்றிருந்த பிள்ளைகள் அன்று ஊரில் இல்லை என்பதே.

மூதாட்டி என்னிடம் பொய் சொல்லவில்லை. 'ஈக' என்றால் கன்னடத்தில் 'இப்போது'. நான் கேட்டது நிகழ்கால வினை. அவர் நிகழ்காலத்துக்கு மட்டும் பொருந்தும் விடையைத் துல்லியமாகத் தந்தார். தமிழிலும் 'வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்பது இரு பொருள் தரும்: அக்குடும்பத்தைச் சேர்ந்தவர் எத்தனை பேர், இந்நேரம் வீட்டில் உள்ளவர் எத்தனை பேர். பொருள் மயக்கம் பற்றிய பாடத்தை அந்தப் பருவத்தில்தான் எழுதித் தேறியிருந்தேன். படிவத்தில் எண்ணுக்கு இடமிருந்தது. 'ஈக' என்ற சொல்லுக்கு இடமில்லை. நானும் அதற்கு ஓர் இடம் உண்டாக்கவில்லை.

இச்சிக்கலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1931 வரை இந்தியக் கணக்கெடுப்பு ஒரே இரவில் நடந்தது. அவ்விரவு எவர் எங்கிருந்தாரோ அங்கேயே எண்ணப்பட்டார். பின்னர் பல நாட்களுக்கு நீளும் கணக்கெடுப்பாகவும், வழக்கமாக வசிக்கும் இடத்தைக் கேட்பதாகவும் அது மாறியது. 'இங்கே இப்போது இருப்பவர்', 'இங்கே வழக்கமாக வாழ்பவர்' என்ற வேறுபாட்டுக்கு அங்கே விதிகள் உண்டு. மாணவர் முகாம் படிவத்துக்கு அத்தகைய விதி ஏதும் இல்லை. ஏன் இல்லை என்று தேடப் போய்த்தான் முகாமின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

விடுமுறையில் மாணவர் கிராமத்துக்குச் செல்லவேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்கு முந்தையது. காந்தி 1920களிலேயே அதை வலியுறுத்தி எழுதினார். நிர்மாணத் திட்டத்தில் மாணவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். விடுதலைக்குப் பின் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), கல்வி நிலையங்களில் தேசிய சேவையை விருப்ப அடிப்படையில் அறிமுகம் செய்யப் பரிந்துரைத்தது. 1950 ஜனவரியில் நடுவண் கல்வி ஆலோசனை வாரியம் அதை ஆராய்ந்து, மாணவர் தம் விருப்பத்தின்பேரில் உடலுழைப்பில் ஈடுபடலாம் என்றது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஒருபடி மேலே சென்று, ஓராண்டுக் காலச் சேவையைப் பற்றிப் பேசியது. உழைப்பு முகாம்களும் சமூக சேவை முகாம்களும் அந்த ஐம்பதுகளில் தொடங்கியவை.

1958இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய மடலில், பட்டம் பெறுவதற்குச் சமூக சேவையை முன்நிபந்தனையாக்கலாமா என்ற எண்ணத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு சி. டி. தேஷ்முக் தலைமையில் குழு அமைந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி செல்ல விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவையைக் கட்டாயமாக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரை. சிறிதளவு இராணுவப் பயிற்சி, சமூக சேவை, உடலுழைப்பு, பொதுக்கல்வி ஆகிய நான்கும் அதில் அடங்கும். செலவும் செயற்படுத்தும் சிரமமும் காரணமாக அரசு அதை ஏற்கவில்லை. 1960இல் கே. ஜி. சையிதைன் பல நாடுகளின் மாணவர் சேவைத் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தார். கட்டாயம் வேண்டாம், விருப்பத்துக்கு விடுக என்றார்.

இடையில் 1962 போர் வந்தது. 1963இல் தேசிய மாணவர் படை கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கோத்தாரி கல்விக் குழு (1964-66) கல்வியின் எல்லா நிலைகளிலும் ஏதேனும் ஒரு சமூக சேவை இணையவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1967இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, மாணவர் படைக்கு மாற்றாகத் தேசிய சேவைத் திட்டம் ஒன்றை வழங்கலாம் என்று முடிவு செய்தது. துணைவேந்தர்கள் மாநாடும் அதை வரவேற்றது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அன்றைய நடுவண் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 40,000 மாணவர்கள். ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நாட்டு வருமானக் கணக்கீட்டில் பெயர் பெற்ற பொருளியலறிஞர்.

இந்த இருபது ஆண்டு விவாதத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். கட்டாயமா, விருப்பமா? ஓராண்டா, சில நாட்களா? யார் செலவு செய்வது? இராணுவப் பயிற்சி சேருமா? இந்நான்கு கேள்விகளும் மாணவரையும் அரசையும் பற்றியவை. மாணவர் எந்த மொழியில் கிராமத்தாரோடு பேசுவார், கிராமத்துக்கு எந்த மாதம் தோதான மாதம் என்ற கேள்விகள் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஓராண்டு என்று தொடங்கிய கனவு சுருங்கியது. இன்று ஒரு மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் பெறுகிறார். ஓராண்டு என்றால் மொழியும் பருவமும் தாமாகவே கற்றுக்கொள்ளப்பட்டுவிடும். ஒரு மழைக்காலத்தையும் ஓர் அறுவடையையும் மாணவர் பார்த்துவிடுவார். ஏழு நாள் என்றால் அவற்றைத் திட்டமிட்டுச் சேர்க்கவேண்டும். காலம் சுருங்கியபோது இந்தச் சேர்க்கை நிகழவில்லை.

மொழி மாணவராக என்னைத் துன்புறுத்தும் ஓர் ஒற்றுமை உண்டு. நலப்பணித் திட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ பத்து வாரங்களுக்கு முன், 1969 ஜூலை 17 அன்று, அதே கல்வி அமைச்சின்கீழ் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் மண்டல மொழி மையங்களில் பள்ளி ஆசிரியர்கள் மற்றொரு இந்திய மொழியைக் கற்க வருகிறார்கள். மைசூர் மையத்தில் தென்னக மொழிகள் நான்கும் கற்பிக்கப்படுகின்றன. அப்பயிற்சியின் காலம் பத்து மாதம். ஒரு மொழியைக் கற்றுப் பிறர்க்குக் கற்பிக்கப் பத்து மாதம் வேண்டும் என்று அறிந்திருந்த அமைச்சுதான், ஓர் ஊருக்குள் நுழைந்து அதற்கு வேண்டியதைச் செய்யப் பல்கலைக்கழகங்களுக்கு வழிவகுத்தது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றோடொன்று பேசியிருந்தால் எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வேறோரிடத்தில் இக்கேள்வி கேட்கப்பட்டது. 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குர்னவாகா நகரில், கோடை விடுமுறையில் மெக்சிகோ சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யச் செல்லவிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் இவான் இல்லிச் பேசினார். நல்லெண்ணத்தை நரகத்துக்கு அனுப்பும் தலைப்பால் அறியப்படும் பேச்சு அது. நீங்கள் உதவப் போவதாகச் சொல்லும் மக்களின் மொழிகூட உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பது அவர் எடுத்துக்காட்டிய குறைகளுள் ஒன்று. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முடித்தார். அடுத்த ஆண்டே இந்தியா தன் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பும் திட்டத்தை நாடளாவிய அளவில் தொடங்கியது.

இல்லிச்சின் கண்டனத்தை அப்படியே நம் முகாம்கள்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. அவர் பேசியது ஒரு வல்லரசின் மாணவர் அண்டை நாட்டுக்குச் செல்வதைப் பற்றி. நம் மாணவர்களில் பலர் அத்தகைய சிற்றூர்களிலிருந்தே வருபவர்கள். 1973இல் 'பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்' என்ற பொருளில் நடந்த முகாம்கள், நாடு கடும் வறட்சியிலிருந்து மீளாத காலத்தில் நடந்தவை. அந்த உழைப்புக்குத் தேவை இருந்தது. மேலும், முகாமில் நிகழும் மிகப் பெரிய மாற்றம் பெரும்பாலும் அறிக்கையில் இடம்பெறுவதில்லை. பல சாதி மாணவர்கள் ஒரே பந்தியில் உண்டு ஒரே பள்ளி அறையில் உறங்குகிறார்கள். வீட்டைவிட்டு ஓர் இரவும் வெளியே தங்கியிராத மாணவியர் ஏழு இரவு தங்குகிறார்கள். எங்கள் முகாமிலும் அதைக் கண்டேன். அது பெரும் பேறு. ஆனால் அப்பேறு மாணவருக்குக் கிடைத்தது. அதை ஊருக்குச் செய்த சேவையாக எழுதும்போதுதான் பிழை தொடங்குகிறது.

குண்டலுபேட்டையின் அக்கம்பக்கத்திலேயே மாணவர் சேவை வேறு விதமாக வளர்ந்த கதைகள் உண்டு. 1984இல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர் ஆர். பாலசுப்பிரமணியமும் நண்பர்களும் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினர். படிப்பு முடிந்தபின், எண்பதுகளின் பிற்பகுதியில், அவர்கள் மேற்கே ஹெக்கடதேவன கோட்டை வட்டத்துக்குச் சென்றார்கள். கபினி அணையாலும் காட்டுப் பாதுகாப்பாலும் இடம்பெயர்ந்த பழங்குடியினர் வாழும் பகுதி அது. மருத்துவமனையும் பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியும் பின்னர் உருவாயின. கிழக்கே பிளிகிரிரங்கன மலையில் 1981இல் மருத்துவர் எச். சுதர்சன் சோலிகரிடையே பணி தொடங்கினார். அவர் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் இன்றும் அங்கே இயங்குகிறது. இவ்விரு முயற்சிகளைப் பற்றியும் பலவகை மதிப்பீடுகள் இருக்கலாம். தங்கியிருந்தார்கள் என்பதே நான் இங்கே குறிக்க விரும்புவது. தங்கியவருக்கு எந்த வீடு எந்த மாதம் பூட்டியிருக்கும் என்று தெரியும்.

எல்லோராலும் தங்க முடியாது, அது உண்மைதான். குறுகிய காலச் சேவைக்கும் பயன் உண்டு என்பதை 2019 பிப்ரவரித் தீ காட்டியது. மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தன்னார்வலர்கள் சென்றார்கள். பச்சை இலைக்கொம்புகளை ஒடித்துத் தரையோடு தரையாகத் தீயை அடித்து அணைப்பது அங்கே வழக்கமான முறை. காற்று எப்பக்கம் திரும்பும், எந்த ஓடைவழி நடக்கலாம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அக்காட்டோர ஊர்களிலிருந்தே வரும் தீக்காவலர்கள். வந்தவர்கள் அவர்கள் சொன்னதைச் செய்யவேண்டியிருந்தது. இந்த ஒழுங்கில் ஊர்க்காரர் ஆசிரியர். மாணவர் மாணவராகவே இருந்தார். இரண்டு வாரத்தில், படிவத்தோடு நாங்கள் ஹாடிக்குச் சென்றபோது, அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது.

இத்தலைகீழ் மாற்றம் நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள் வாசகத்திலேயே ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம். ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நான் அல்ல, நீ' என்று வரும். கன்னடத்தில் அது 'நனகல்ல நினகெ' என்று வழங்குகிறது: எனக்கு அல்ல, உனக்கு. தமிழிலும் 'எனக்காக அல்ல, உனக்காக' என்று எழுதக் காணலாம். ஆங்கிலத்தில் 'நீ' என்பது செய்பவராகவும் இருக்கலாம், பெறுபவராகவும் இருக்கலாம். திராவிட மொழிகளுக்கு வரும்போது நாம் நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்து அந்த ஐயத்தைப் போக்கிவிட்டோம். நான்காம் வேற்றுமை கொள்வோரைக் குறிப்பது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்தே நாம் அறிந்த இலக்கணம். ஆக, கிராமம் கொள்வோர், மாணவர் கொடுப்போர். எது தேவை என்று தீர்மானிப்பவர், எப்போது வரவேண்டும் என்று சொல்பவர், எதைக் கேட்கவேண்டும் என்று கற்றுத்தருபவர் என்ற இடங்களில் 'நீ' நிற்கவே முடியாதபடி ஓர் உருபு கதவை அடைத்துவிட்டது.

மற்றொன்று: அந்த 'நீ', ஒருமை. எழுபது வயது அஜ்ஜியை நான் 'நினகெ' என்று விளிக்கத் துணியமாட்டேன். 'நிமகெ' என்றே சொல்வேன். தமிழிலும் 'உங்களுக்கு' என்றே வரும். முகாமுக்கு வெளியே எந்தச் சூழலிலும் மூத்தவரிடம் பேசாத ஒருமையில், அவர் ஊர்ப் பள்ளியின் முன் பதாகை கட்டி ஏழு நாள் தொங்கவிடுகிறோம். இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று சிலர் கருதலாம். எதிரே உள்ள ஒரு குறிப்பிட்ட மனிதரை நினைத்து அவ்வாசகம் எழுதப்படவில்லை என்பதற்கான சான்றாக நான் அதைக் காண்கிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கோரவில்லை. முகாமின் தேதியைப் பல்கலைக்கழக நாட்காட்டியோடு ஊரின் வேலை நாட்காட்டியையும் வைத்துத் தீர்மானிக்கலாம். காட்டோர ஊர்களில் ஆடியில் இருப்பவர் மாசியில் இருப்பதில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் 'இப்போது இருப்போர்', 'வெளியூரில் இருப்போர்', 'எப்போது திரும்புவர்' என்று மூன்று கட்டங்கள் வேண்டும். பூட்டிய வீட்டை விட்டுவிடாமல் பூட்டிய வீடாகவே பதியவேண்டும். அந்தப் பூட்டும் ஒரு தரவுதான். அந்தப் பேச்சை அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் இப்போது கல்லூரிகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைப் பாய் விரிக்கவும் சமையலுக்கு உதவவும் வைக்காமல், கேள்விகளை வகுக்கும் பொறுப்பில் அமர்த்தலாம். நிறைவு விழாவுக்குப் பின் ஆறு மாதத்தில் ஒருமுறை திரும்பிச் சென்று அறிக்கையைத் திருத்தலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

நான் திருத்த முயன்றேன். ஜூலையில் திரும்பி வந்ததும் அந்த முகாமை நடத்தியவர்களிடம் சொன்னேன். வருத்தப்பட்டார்கள், ஆனால் அறிக்கை கட்டமைக்கப்பட்டு மேலே சென்றுவிட்டது. திருத்தம் சேர்க்க ஒரு வழி அமைப்பில் இல்லை. ஆறு பேரும் இரண்டு பிள்ளைகளின் பள்ளியும் என் குறிப்பேட்டில் மட்டும் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்போது களத்துக்குச் செல்லும்போது, ஒவ்வொரு விடையையும் அதன் காலச் சொல்லோடு எழுதிக்கொள்கிறேன். அஜ்ஜி கற்பித்த பாடம் அது.

முடிவாக ஒரு தற்செயல். கன்னடத்தில் 'இப்போது' என்று பொருள்படும் 'ஈக' என்ற ஒலி, தமிழில் 'ஈ' என்னும் வினையின் வியங்கோளாகி, 'கொடுப்பாயாக' என்று பொருள் தரும். இரண்டுக்கும் வேர்த்தொடர்பு இல்லை. மொழியியல் படித்தவர் இத்தகைய ஒப்புமையில் மயங்கக்கூடாது. ஆயினும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரப்போர் சொற்கள் என்று கூறும் தொல்காப்பியர், உயர்ந்தவரிடம் கேட்கும் தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் சொல்வர் என்று வகுக்கிறார். அன்று அந்தத் திண்ணையில் கேட்டு நின்றவன் நான். எண்ணைத் தந்தவர், அந்த எண்ணைச் சரியாகப் படிப்பதற்கான சொல்லையும் சேர்த்துத் தந்தவர் அஜ்ஜி. கொடுக்கச் சென்றவன் என்று என்னை நினைத்துக்கொண்டதால், அவர் தந்ததில் பாதியைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

முகாம்களுக்குச் சென்ற நண்பர்கள், திட்ட அலுவலர்களாகப் பணியாற்றிய ஆசிரியர்கள் தம் அனுபவத்தைக் கீழே பதிவிட்டால் நன்றியுடையேன். எந்த ஊர், எந்த மாதம், எந்த மொழியில் பேசினீர்கள், எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன? இந்நான்கும் போதும்.